கார் குந்திட்டுது

அந்தச் சிவப்புக் காரை நான் கேட்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஐம்பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி, பின்னுக்குச் செட்டை வைத்த காரில் பள்ளிமுனை றோட்டால் போனால் சனம் சிரிக்காமல் என்ன செய்யும்? கோயில் மதிலில் குந்தியிருக்கிற பெடியள், "அன்ரி, றேஸ் எப்ப?" என்று கத்துவார்கள். "கொப்பரிட்டப் போய்க் கேளுங்கோடா!" என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுத்தான் போவேன்.

வாங்கித் தந்தது மகள் பெற்றிசியா. அவள் இருப்பது நோர்வேயில். இணையத்தில் படம் பார்த்து, கொழும்பில் இருக்கும் மருமகனின் சினேகிதன் ஒருவனை ஓட்டிப் பார்க்கச் சொல்லி வாங்கினாள். அவனுக்கு வயது இருபத்தைந்து. "சூப்பர் கார், றோட்டைப் பிடிச்சுக்கொண்டு போகுது" என்றானாம். பிடித்துக்கொண்டுதான் போனது. றோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் பிடித்து எங்கள் நாரியில், முதுகெலும்பில் தந்தது. முன்பு அதை வைத்திருந்தவன் பந்தயக் கார் மாதிரி நிலத்தோடு தாழ்த்தி, பெரிய வெள்ளி றிம்மும் பாண் துண்டு அளவில் மெல்லிய ரயரும் போட்டு வைத்திருந்தான். நாசமாய்ப் போவான்.

ஆனால் கார் இல்லாமலும் இருக்க முடியாது. என் மனுசன் அம்புறோசுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாயும் சனியும் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவருக்கு மெசின் கிடைத்தது வவுனியாவில். எண்பது கிலோமீற்றர் போக, நாலு மணித்தியாலம் மெசினில் கிடக்க, எண்பது கிலோமீற்றர் வர. முதல் எட்டு மாதம் வேறு இரண்டு நோயாளிகளோடு சேர்ந்து ஒரு வானில் போனோம். அதில் ஒருவர் செத்துப்போனார். மற்றவர் வவுனியாவிலேயே பிள்ளைகளோடு போய் இருந்துவிட்டார். எங்கள் இரண்டு பேருக்காக வான்காரன் வரமாட்டான் என்றான். அப்படித்தான் அந்தச் சிவப்புப் பிசாசு எங்கள் முற்றத்துக்கு வந்தது.

போகும்போது அவ்வளவு தெரியாது. மனுசன் தெம்போடு இருப்பார். வரும்போதுதான் சீவன் போகும். மெசினில் இருந்து இறங்கிய உடம்பு பிழிந்த துணியாகக் கிடக்கும், பிறசர் விழுந்திருக்கும், தலை நிற்காது. அந்த உடம்பை இந்தக் கார் ஒவ்வொரு மதகிலும் தூக்கிப் போடும். வவுனியாவுக்கும் மன்னாருக்கும் இடையில் எத்தனை மதகு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள், றோட்டுப் போட்டவனுக்குக்கூட அவ்வளவு தெரியாது. அம்புறோஸ் முனக மாட்டார். கதவுக்கு மேலே இருக்கிற கைபிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டிருப்பார். முனகினாலாவது நான் ஏசலாம்.

என்னால் முடிந்ததெல்லாம் செய்து பார்த்தேன். இலவம்பஞ்சில் மெத்தை தைத்துச் சீற்றில் போட்டேன். மெத்தை நசிந்து தட்டையானதுதான் மிச்சம். ரயரில் காற்றைக் குறைத்தால் மெத்தென்று போகும் என்று யாரோ சொல்ல, குறைத்தேன். உயிலங்குளத்துக்குக் கிட்ட ஒரு பள்ளத்தில் விழுந்து றிம் வளைந்துபோனது. வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். அன்றைக்கு எனக்கு வந்த களைப்பு இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை.

அம்புறோஸ் சும்மா ஆள் இல்லை. மீன் சங்கத்து ஐஸ் லொறியை இருபத்திரண்டு வருசம் ஓடினவர். சில நாட்களில் வேலையால் வந்ததும், போட்ட சேட்டைக்கூடக் கழற்றாமல் வெறும் நிலத்தில் நிமிர்ந்து படுத்துக்கொண்டு, "இண்டைக்கும் லொறி குந்திட்டுது, கிறேஸ்" என்று என்னைக் கூப்பிட்டுச் சொல்வார். எங்கேயோ லொறி நின்றுவிட்டது போலும் என்று நினைத்து நான் தேத்தண்ணி போடப் போய்விடுவேன். என்ன குந்தியது, ஏன் குந்தியது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குக் கந்தோரில் முத்திரையும் தந்தியும். மனுசனுடைய லொறிக் கதை எனக்கு எதற்கு?

அதனால்தான் கடைசியில் அவரிடமே கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, இவ்வளவு காலம் லொறி ஓடினனீங்கள். இந்தச் சனியனை மெத்தெண்டு ஓட வைக்க ஒரு வழியும் தெரியாதோ?"

அவர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பின்னுக்குப் பாரம் போட்டுப் பார்."

"பாரமோ?"

"வெறும் வள்ளம்தானே அலையில குத்தும்? உன்ர அப்பா என்ன செய்தவர்?"

என் அப்பா பள்ளிமுனையில் கடல் தொழில் செய்தவர். கச்சான் காற்றுக் காலத்தில் வெறும் வள்ளத்தோடு போக மாட்டார். மண் மூட்டையை அடியில் போட்டுக்கொண்டுதான் போவார். பாரம் இருந்தால் வள்ளம் அலையில் குத்தாமல் ஏறி இறங்கும். சின்ன வயதில் அந்த மூட்டைகளுக்கு மேல் இருந்து போயிருக்கிறேன். ஆகவே அம்புறோஸ் சொன்னவுடன் எனக்கு அது வேத வாக்காகப் போய்விட்டது. இது ஏன் எனக்கு இவ்வளவு நாளும் தோன்றவில்லை என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

நாலு மா மூட்டைப் பையில் மண்ணை நான்தான் நிரப்பினேன். நாலையும் நான்தான் இழுத்து வந்து, மூச்சுப் பிடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் ஏற்றினேன். அம்புறோஸ் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். "காணும், கிறேஸ். ரெண்டு காணும்" என்றார். கேட்பேனோ நான்? நாலையும் ஏற்றினேன்.

செவ்வாய்க்கிழமை வெளிக்கிட்டோம். மன்னார்த் தீவு முடிந்து தள்ளாடிப் பக்கம் போகிற பாலத்தில் ஏறும்போதே பின்னால் டொங் என்று ஒரு சத்தம். மூட்டை ஒன்று சரிந்ததாக்கும் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். முருங்கனுக்குப் போவதற்குள் விளங்கிவிட்டது. முந்தித் தூக்கிப் போட்ட கார் இப்போது உலக்கையால் இடித்தது. மதகுக்கு ஒரு டொங். பள்ளத்துக்கு ஒரு டொங். திரும்பி வரும்போது அம்புறோஸ் பறயனாலங்குளம் சந்தியில் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி வாந்தி எடுத்தார். அவருடைய முதுகைத் தடவிக்கொண்டு நிற்கிறேன், கை முழுக்க எலும்பு.

வீட்டு முற்றத்தில் கார் நின்ற பிறகும் அவர் இறங்கவில்லை.

"கிறேஸ், இனி நான் வரமாட்டன்."

"என்ன சொல்லுறீங்கள்?"

"இந்தக் காரில ஏலாது. நீயே பாத்தனீதானே."

"மண்ணை இறக்குவன். வேற வான் பிடிப்பம்."

"ஒண்டும் வேண்டாம். சனிக்கிழமை நான் வரேல்ல. அவ்வளவுதான்."

இரண்டு தரம் தொடர்ந்து தவறினால் நெஞ்சுக்குள் தண்ணி ஏறிவிடும் என்று டொக்டர் எங்களுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு தரம் தவறினால் அடுத்த தரம் மனுசன் போகமாட்டார் என்பது எனக்குத் தெரியும். முப்பத்தாறு வருசம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். சனிக்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. அதற்குள் கார் மெத்தென்று ஓடவேண்டும். இல்லாவிட்டால் என் மனுசன் செத்துப்போவார்.

புதன்கிழமை காலமை எருக்கலம்பிட்டியில் நுஃமானின் கராஜுக்குப் போனேன். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றினபோது ஊரோடு வெளிக்கிட்டுப் புத்தளம் போய், அங்கே தொழில் பழகி, திரும்பி வந்து சொந்தக் காணியில் கராஜ் போட்டிருக்கிற மனுசன். அதிகம் கதைக்க மாட்டான், ஆனால் என்னைக் கண்டதும் சிரித்துவிட்டான்.

"வாங்கக்கா. என்ன, றேஸுக்குப் பேர் குடுத்துட்டீங்களா?"

"வாயைக் கிளறாதை நுஃமான். இந்தக் காரை மெத்தெண்டு ஓடப் பண்ணு. சனிக்கிழமைக்கு முதல்."

அவன் காரைச் சுற்றி வந்தான். பின் பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றி முழுப் பாரத்தோடும் அமத்தினான். கார் அசையவில்லை. இன்னொருக்கா அமத்தினான். மதிலை அமத்தியது போல இருந்தது. பின் கதவைத் திறந்தவன் மண் மூட்டைகளைக் கண்டு வாயைப் பிளந்தான்.

"யா அல்லாஹ்! என்னக்கா, வீடு கட்டப் போறீங்களா?"

"பாரம் போட்டால் குத்தாது எண்டு..."

"வள்ளத்துக்குத்தான் அது." அவன் நிலத்தில் படுத்துக் காருக்குக் கீழே போனான். அங்கே இருந்து அவன் குரல் வந்தது. "ஸ்பிறிங்க வெட்டிக் கட்டையாக்கியிருக்கான். அதிர்வு தாங்குற சொக்கும் கல்லு மாதிரி, ஓட்டப் போட்டிக்காரங்க போடுற சொக். இதுக்குக் கீழ ஒரு றப்பர் இருக்கு, அதில இடிக்காம இருக்கவே நாலு விரல் இடம்தான் விட்டு வச்சிருக்கான். நீங்க மண்ணப் போட்டு அந்த நாலு விரலையும் முடிச்சிட்டீங்க." ஊர்ந்து வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சொன்னான். "கார் குந்திட்டுதுக்கா."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

"என்ன சொன்னனி?"

"குந்திட்டுது. ஸ்பிறிங் முழுசா அமந்து றப்பரில இருக்குது. அதுக்குப் பொறகு ஸ்பிறிங் இருந்தும் ஒண்டுதான், இல்லாட்டியும் ஒண்டுதான். அடி நேர முதுகெலும்புக்கு வரும். அளவுக்கு மிஞ்சி ஏத்தின லொறியில ஓடிப் பாத்தவங்களுக்குத் தெரியும். உங்க அம்புறோஸ் அண்ணன்ட்டக் கேட்டிருந்தா ஒரு சொல்லில சொல்லியிருப்பாரே! ஏன்க்கா கேக்கல்ல?"

நான் கேட்டேன். கேட்டேனே.

அங்கே கிடந்த ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். "இண்டைக்கும் லொறி குந்திட்டுது, கிறேஸ்." இருபத்திரண்டு வருசம் இந்தக் காது கேட்ட சொல். நிலத்தில் நிமிர்ந்து படுத்திருந்த மனுசனின் முதுகு அன்றைக்கெல்லாம் ஏன் அப்படி வலித்தது என்று எனக்கு இப்போது விளங்குகிறது. அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் மண் போடச் சொல்லியிருக்கிறார். என் அப்பாவின் வள்ளத்தைக் காட்டி, பள்ளிமுனைக்காரி இதை நம்புவாள் என்று தெரிந்துகொண்டு சொல்லியிருக்கிறார். காரை ஓடவிடாமல் பண்ணி, காரைச் சாட்டி வவுனியாவுக்குப் போகாமல் நின்றுவிடப் பார்த்திருக்கிறார்.

கள்ளன். படுகள்ளன். நாலு மூட்டை மண்!

நுஃமானின் மனிசி றம்லா தேத்தண்ணி கொண்டு வந்து தந்தாள். குடித்தேன். குடித்து முடிக்கும்போது ஆத்திரம் இறங்கி, அதற்குக் கீழே வேறு ஒன்று கிடந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். சரி, விட்டால் என்ன என்று நினைத்தேன். காரை இப்படியே கொண்டுபோய் நிறுத்தினால் சனிக்கிழமை விடிய எழும்பத் தேவையில்லை. நூற்றறுபது கிலோமீற்றர் இல்லை. ஆசுபத்திரி வாங்கில் குந்தியிருக்கிற நாலு மணித்தியாலம் இல்லை. நான் படுத்திருக்கலாம். ஒருநாள் முழுக்கப் படுத்திருக்கலாம். அப்படி நினைத்தது நான்தான். எவ்வளவு நேரம் நினைத்தேன் என்று தெரியாது. வெறும் கோப்பை கையில் ஆறிப்போய் இருந்தது.

"அக்கா, என்ன செய்யட்டும்?" நுஃமான் கேட்டான்.

"செய்."

"இதே காரோட, கொம்பனி போட்ட உயரமான ஸ்பிறிங்கும் சொக்கும் புத்தளத்தில ஒரு அடிபட்ட காரில இருக்கு. வஸ்ஸில போட்டுவிடச் சொல்றன். சின்ன றிம்மும் தடிச்ச ரயரும் போடுவம். இந்த வெள்ளி றிம்முக்கு ஆசப்பட்டு ஒருத்தன் திரியிறான், அவன்ட மாத்திக்கலாம். ஆனா ஒண்டு, வளைவில கொஞ்சம் சாயும். பழைய வேகம் ஓடாது."

"எனக்கேன் வேகம்? செய்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கார் வேலை முடிந்தது. நுஃமான் முன்னைப் போலவே பின் பக்கத்தை அமத்திக் காட்டினான். கார் மெல்லத் தாழ்ந்து, மெல்ல எழும்பி, அப்படியே நின்றது. இப்போது அது ஒரு சாதாரண கார். கூனல் நிமிர்ந்து, கொஞ்சம் அசடாக நின்றது. எருக்கலம்பிட்டியில் இருந்து வீடு வரைக்கும் வேண்டுமென்றே பள்ளம் பார்த்து விட்டேன். தலையை ஆட்டிக்கொண்டு ஏறி இறங்கியது. கோயில் மதிலில் இருந்த பெடியள் ஒன்றும் கத்தவில்லை.

அம்புறோஸ் முற்றத்தில் கதிரையில் இருந்தார். கார் உயர்ந்து நிற்பதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவைக்கூடச் சாத்தாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"கார் குந்தினதாம். நுஃமான் சொன்னவன்."

அவர் முற்றத்து மண்ணைப் பார்த்தார்.

"தெரிஞ்சுகொண்டுதானே மண் போடச் சொன்னனீங்கள்?"

"ஓம்."

"ஓமோ? நாலு மூட்டை! நான் தனியத் தூக்கினனான்! என்ர நாரி இன்னும் நிமிரேல்ல. பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்!"

"ரெண்டு காணும் எண்டு சொன்னனான்."

"வாயை மூடுங்கோ!"

மூடிக்கொண்டார். பக்கத்து வளவில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன். அவர் தன் கையைப் பார்த்தபடி, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அந்தக் கையைப் பார்த்தபடி, கதைத்தார்.

"களைச்சுப் போனன், கிறேஸ். இனி வரேல்ல எண்டு உன்ர முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல் கிடந்தது. கார்தான் காரணம் எண்டால், நான் போன பிறகு நீ காரை ஏசிப்போட்டு இருப்பாய். என்னை ஏசமாட்டாய். உன்னையும் ஏசமாட்டாய்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அழுதுகொண்டே ஏசினேன்.

"நான் மட்டும் களைக்கேல்லையோ? புதன்கிழமை அந்தக் கராஜில இருந்து, விட்டால் என்ன எண்டு நானும் நினைச்சனான். தெரியுமோ உங்களுக்கு?"

"விட்டிருக்கலாம்."

"விட்டிருக்கலாம். விடேல்ல." மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தேன். "இனிக் காரில குற்றம் இல்ல. வாறதெண்டால் வாங்கோ. வராட்டில் என்ர முகத்தைப் பாத்து, வரேல்ல எண்டு சொல்லுங்கோ. மண்ணை மூட்டை கட்ட வைக்காதேங்கோ."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை காலமை வந்து ஏறினார். பாலத்தில் வழக்கமாகத் தூக்கிப் போடுகிற இடம் வந்ததும் கைபிடியை எட்டிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கார் ஒருதரம் தலையை ஆட்டிவிட்டுப் போனது. அவர் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார். "தாண்டிட்டமோ?" என்று கேட்டார். தாண்டி எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம். திரும்பி வரும்போது முருங்கனில் இருந்து நல்ல நித்திரை. வாயைத் திறந்துகொண்டு நித்திரை கொண்டார்.

இறங்கும்போது, "செவ்வாய்க்கிழமை திருப்பிக் கேள்" என்றார்.

செவ்வாய்க்கிழமை கேட்டேன். சனிக்கிழமை கேட்டேன். காரை ஸ்ராட் பண்ணி வைத்துவிட்டு, கதிரைக்கு முன்னால் போய் நின்று, "வாறீங்களோ?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்பேன். சில நாள் உடனே சொல்வார். சில நாள் வெகு நேரம் எடுக்கும். கார் பாட்டுக்கு உறுமிக்கொண்டு நிற்கும், நானும் நிற்பேன். கடைசியில் "ஓம்" என்று எழும்புவார். சித்திரையில் இருந்து மார்கழி வரைக்கும் ஓம்தான். பெற்றிசியா வந்து ஒரு மாதம் நின்றுவிட்டுப் போனாள். நுஃமான் ஒருதரம் சொக்கைப் பார்த்து, நல்லா இருக்கு என்றான்.

யேசு பிறந்த நத்தாருக்கு முதல் வந்த செவ்வாய்க்கிழமையும் கேட்டேன்.

"இல்ல, கிறேஸ்" என்றார். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "இனி இல்ல."

நான் ஏசவில்லை. அப்படிச் சொல்லச் சொல்லிக் கேட்டவள் நான்தான். போய்க் காரை நிறுத்தத் திறப்பைத் திருகப் போனேன்.

"நிப்பாட்டாதை" என்றார். "வவுனியாவுக்கு வேண்டாம். பாலத்தடி வரைக்கும் ஒருக்காப் போய்வருவம். கார் நல்லாத்தானே ஓடுது."

ஏற்றிக்கொண்டு போனேன். இரண்டு பக்கமும் கடல் இறங்கிச் சேறு தெரிந்தது, கொக்குகள் நின்றன. அவர் கைபிடியைப் பிடிக்கவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தது. பாலம் தாண்டி, தள்ளாடியில் திருப்பிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குத் திரும்புகிற சந்தியில், "இன்னொருக்கா" என்றார்.

இன்னொருக்கா போனோம்.